11 வயது லேப்ரடார், மண்ணீரலில் 6.5 செ.மீ. கட்டி: ஆபரேஷனா, காத்திருப்பா?

வாலாட்டி (கேள்வி):

வணக்கம். பெண் லேப்ரடார், 11 வயது, 29 கிலோ, கருத்தடை ஆனது. வருடாந்தரப் பரிசோதனையில் வயிற்றை அழுத்திப் பார்த்த டாக்டரின் கையில் ஏதோ தட்டுப்பட்டது. ஸ்கேன் எடுத்ததில் மண்ணீரலின் வால் முனையில் 6.5 செ.மீ. கட்டி. உள்ளே திட்டுத்திட்டாகக் குழிகள், அவற்றில் திரவம். வயிற்றுக்குள் ரத்தக் கசிவு இல்லை. கல்லீரலில் 8 மி.மீ. அளவில் இரண்டு முடிச்சுகள். "இன்னதென்று சொல்ல இயலாது" என்று ரிப்போர்ட் சொல்கிறது.

பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 39, தட்டணுக்கள் 2,10,000, சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினின் 1.3. ஏ.எல்.பி. என்ற கல்லீரல் நொதி மட்டும் கொஞ்சம் கூடுதல். மூட்டு வலிக்குத் தினமும் கார்ப்ரோஃபென் போகிறது. மற்றபடி நன்றாகத் தின்கிறது, நடக்கிறது, ஒரு நோயும் இருப்பதாகத் தெரியவில்லை. அதனால்தான் கத்தி வைக்க மனம் வரவில்லை.

ஊசி குத்தி செல்களை எடுத்துப் பார்த்தால் புற்றா இல்லையா என்று முதலிலேயே தெரியாதா? கல்லீரல் முடிச்சுகள் இருந்தால் ஆபரேஷன் வீணா? ஒரு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்து முடிவு செய்யலாமா? வயதை எவ்வளவு தூரம் கணக்கில் எடுப்பது?

தையல்நூல்:

ஊசியில் ஆரம்பிக்கிறேன், எல்லோரும் கேட்பது அதுதான். குழிகள் உள்ள மண்ணீரல் கட்டியில் ஊசி குத்தினால் சிரிஞ்சில் வருவது பெரும்பாலும் வெறும் ரத்தம். செல்கள் கிடைக்காது, கிடைத்தாலும் புற்று இருக்கும் ஓரத்தில் ஊசி பட்டிருக்கும் என்று உறுதி கிடையாது. போதாததற்கு, மெல்லிய சுவர் உள்ள குழியைத் துளைத்தால் அங்கிருந்தே கசிவு தொடங்கலாம். மண்ணீரல் முழுவதும் சீராக வீங்கியிருந்தாலோ, கட்டி குழியில்லாமல் திடமாக இருந்தாலோ கதை வேறு. லிம்போமா, மாஸ்ட் செல் கட்டி போன்ற புற்றுகள் ஊசியிலேயே பிடிபடும்; லிம்போமாவாக இருந்தால் முதல் வைத்தியம் கத்தியாக இருக்காது, மருந்தாகவே இருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது அந்த வகை இல்லை.

ஸ்கேனும் வகையைச் சொல்லாது. ரத்தம் தேங்கி உறைந்த ஹீமட்டோமாவும், ரத்தக் குழாய்ச் செல்களில் தொடங்கும் கொடிய புற்றான ஹீமாஞ்சியோசார்கோமாவும் திரையில் ஒரே மாதிரி தெரியும். பெரிதாக இருக்கிறது, ஆகவே கெட்டது என்ற கணக்கும் இங்கே செல்லாது. மண்ணீரலையே மறைக்கும் அளவுக்கு வளர்ந்தவை பல நேரம் ஹீமட்டோமாவாக முடிகின்றன.

"மூன்றில் இரண்டு புற்று, அதில் மூன்றில் இரண்டு ஹீமாஞ்சியோசார்கோமா" என்ற பழைய கணக்கைப் படித்திருப்பீர்கள். வெடித்து, வயிறு நிறைய ரத்தத்தோடு வரும் நாய்களுக்கு அது ஏறக்குறையப் பொருந்தும். வெடிக்காமல், தற்செயலாகக் கண்ணில் பட்ட கட்டிகளில் பாதிக்கு மேல் தீங்கற்றவை. உங்கள் நாய் இந்தக் கூட்டத்தில் இருக்கிறது. வாசலிலேயே வேறு கணக்கு என்பதால், இணையத்தில் படிக்கும் பயமுறுத்தும் எண்களில் பாதியை ஒதுக்கிவிடலாம்.

கல்லீரலில் 8 மி.மீ. முடிச்சுகள் வயதான நாய்களில் சர்வ சாதாரணம். தீங்கற்ற செல் பெருக்கம்; நோடுலர் ஹைப்பர்பிளேசியா என்பார்கள், ஏ.எல்.பி. லேசாகக் கூடியிருப்பதும் அதோடு ஒத்துப்போகும். பரவிய புற்றாகவும் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அதைக் காரணம் காட்டி மட்டும் ஆபரேஷனைக் கைவிடாதீர்கள்.

கத்தி வைக்கும் முன் செய்ய வேண்டியவை:

நெஞ்சு எக்ஸ்ரே, மூன்று கோணங்களில். இடப்பக்கம் படுக்கவைத்து ஒன்று, வலப்பக்கம் ஒன்று, மல்லாக்க ஒன்று. படுத்திருக்கும் பக்கத்து நுரையீரல் அமுங்கிக் காற்றிழந்துவிடுவதால், அந்தப் பக்கத்துச் சிறு முடிச்சுகள் மறைந்துபோகும். ஒரே ஒரு படம் எடுத்து "நெஞ்சு சுத்தம்" என்றால் ஏற்காதீர்கள்.

இதய எக்கோ, அதாவது இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன். ஹீமாஞ்சியோசார்கோமா விரும்பித் தங்கும் இன்னொரு இடம் இதயத்தின் வலது மேலறை. அங்கே கட்டியோ, இதய உறையில் திரவமோ இருந்தால் முடிவே மாறிவிடும். மயக்கத்தை இதயம் தாங்குமா என்பதற்கும் அதே எக்கோ உதவும்.

ரத்தம் உறையும் நேரம்: பி.டி., ஏ.பி.டி.டி. இரண்டும். கூடவே ஸ்லைடில் ரத்தத்தை யாராவது கண்ணால் பார்க்கட்டும். மெஷின் தரும் எண்ணிக்கையில் உடைந்த சிவப்பணுக்கள் தெரியாது, ஸ்லைடில் தெரியும். அவை நிறைய இருந்தால் சந்தேகம் கூடும். சிறுநீரின் அடர்த்தியையும் பாருங்கள். கிரியேட்டினின் 1.3 நல்ல எண்தான், ஆனால் சிறுநீரகம் கணிசமாகக் கெட்ட பிறகுதான் அது ஏறும். அடர்த்தி அதற்கு முன்பே இறங்கும்.

வயது பற்றி: 11 என்பது ஒரு எண். மேலே சொன்ன சோதனைகளின் விடைதான் வயதின் விடை.

ஈசிஜி:

தையல்நூல் சொன்னதோடு மயக்கம், ரத்தம், முதல் 48 மணி நேரம் பற்றி. மண்ணீரலை எடுப்பது சிக்கலான ஆபரேஷன் அல்ல. அதைச் சுற்றி நடப்பவைதான் நாயை இழக்க வைக்கும்.

ரத்தம் கைவசம் இல்லாமல் ஆரம்பிக்க விடாதீர்கள். 29 கிலோ நாய்க்கு உடலில் சுமார் இரண்டரை லிட்டர் ரத்தம் இருக்கும். பி.சி.வி. 39 என்பது இயல்பின் கீழ் விளிம்பு. கட்டி மேஜையில் வெடித்தால் சட்டென்று இறங்கும். கிலோவுக்கு 2 மி.லி. முழு ரத்தம் ஏற்றினால் பி.சி.வி. ஏறக்குறைய 1 புள்ளி ஏறும் என்பது வழக்கமான கணக்கு. ஒரு பை 450 மி.லி.; அப்படியானால் உங்கள் நாய்க்கு ஒரு பையில் 7 அல்லது 8 புள்ளி. ஒரு பை தயாராக, இன்னொன்றுக்கு ஆரோக்கியமான பெரிய நாய் ஒன்று அழைத்தால் வரும் தூரத்தில் இருப்பது நல்லது. முதல் முறை ஏற்றும்போது நாய்களுக்குப் பெரிய எதிர்வினை அபூர்வம், இருந்தாலும் டி.இ.ஏ. 1 என்ற நாய் ரத்த வகையைப் பார்த்துவிடலாம். முன்பு எப்போதாவது ரத்தம் ஏற்றியிருந்தால் கிராஸ் மேட்ச் (இரண்டு ரத்தமும் ஒத்துப்போகிறதா என்ற சோதனை) கட்டாயம்.

மயக்கத்துக்கு முன் கொடுக்கும் மருந்தில் ஏசிப்ரோமசின் வேண்டாம் என்று கேளுங்கள். அது ரத்த அழுத்தத்தை இறக்கும், மண்ணீரலை ரத்தத்தால் ஊதவும் வைக்கும். வெடிக்கக் காத்திருக்கும் பையில் இன்னும் நீர் ஊற்றுவது போல. ஃபென்டனில் மாதிரியான ஓபியாய்டு வலி மருந்துகள் இந்த வேலைக்குப் பொருத்தம்.

கார்ப்ரோஃபென்: எப்போது நிறுத்துவது என்று இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். ஆபரேஷனில் அழுத்தம் இறங்கும் நேரத்தில் சிறுநீரகத்துக்குள் ரத்த ஓட்டத்தைக் காப்பாற்றும் ஏற்பாட்டையே அந்த மருந்து முடக்குகிறது. அது இல்லாத நாட்களில் மூட்டு வலிக்கு வேறு வகை வலி மருந்து தருவார்கள். ஸ்டீராய்டை மட்டும் கார்ப்ரோஃபென் மேல் ஏற்றிவிடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் இரைப்பை புண்ணாகும்.

இதயத் துடிப்புச் சிக்கல்தான் பலரும் எதிர்பார்க்காதது. மண்ணீரல் எடுத்த பின் முதல் ஒன்றிரண்டு நாளில் கீழறையிலிருந்து தப்புத் துடிப்புகள் கிளம்புவது அடிக்கடி நடக்கும். இதயத்தில் ஒரு குறையும் இல்லாத நாய்க்கும் வரும். அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால் விட்டுவிடலாம். அதற்கெல்லாம் மருந்து கொடுத்தால் மருந்தே தொல்லை. தொடர்ச்சியாக நிமிடத்துக்கு 160, 180ஐத் தாண்டினாலோ, நாடி தளர்ந்தாலோ, ஈறு வெளுத்தாலோ துடிப்பைச் சீராக்கும் லிடோகைன் கிலோவுக்கு 2 மி.கி., நரம்பில் மெதுவாக. 29 கிலோவுக்கு 58 மி.கி., அதாவது 2% மருந்தில் 2.9 மி.லி. அட்ரினலின் கலந்த லிடோகைன் புட்டி இதற்கு ஒருக்காலும் ஆகாது. பொட்டாசியம் குறைந்திருந்தால் லிடோகைன் சரியாகப் பிடிக்காது, அதையும் பார்க்க வேண்டும்.

ஆகவே மருத்துவமனையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இரவில் இ.சி.ஜி. பார்த்துக்கொண்டு ஆள் இருப்பார்களா?" மாலை ஆறு மணிக்குப் பூட்டிவிட்டுக் காலையில் திறக்கும் இடம் என்றால், எவ்வளவு கைராசியான டாக்டராக இருந்தாலும் இந்த ஆபரேஷனுக்கு அது இடமில்லை.

உறைகட்டி இன்னொரு ஆபத்து. கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரையிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். திடீர் மூச்சிரைப்பு, திடீரென வயிறு வீங்குதல் இரண்டும் அவசரம்.

மெல்லநட:

இரண்டு பேரும் செய்வது எப்படி என்று சொல்லிவிட்டார்கள். செய்யாமல் இருப்பது எப்போது நியாயம் என்று நான் சொல்கிறேன்.

ஹீமாஞ்சியோசார்கோமாவாக இருந்தால் ஆபரேஷன் மட்டும் செய்து கிடைப்பது சராசரியாக ஒன்றிலிருந்து மூன்று மாதம். அதன் பின் டாக்ஸோரூபிசின் கீமோ சேர்த்தால் நான்கிலிருந்து ஆறு மாதம். ஒரு வருடத்தைத் தாண்டுபவை பத்தில் ஒன்றுகூட இருக்காது. தீங்கற்றதாக இருந்தால் மண்ணீரலோடு நோயும் போய்விடும். ஒரே ஆபரேஷன், இரண்டு முனைகள். எந்த முனை என்பது கட்டி வெளியே வந்து லேபுக்குப் போன பிறகே தெரியும். "புற்றாக இருந்து மூன்று மாதம்தான் கிடைத்தாலும், இரண்டு வாரம் தையலோடு வைத்திருந்தது தவறில்லை" என்று வீட்டில் எல்லோரும் இப்போதே ஒத்துக்கொள்கிறீர்களா? இதற்கு ஆம் என்றால் போங்கள். இல்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நெஞ்சு எக்ஸ்ரேயில் பல முடிச்சுகள், இதயத்தில் கட்டி, அல்லது வேறு நோயால் ஏற்கெனவே எழவே சிரமப்படும் நாய் என்றால் நான் ஆபரேஷன் பக்கம் போகமாட்டேன்.

கீமோ வேண்டுமா என்பதையும் சேர்த்து யோசியுங்கள். 29 கிலோ நாயின் உடல் பரப்பு சுமார் 0.95 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 30 மி.கி. வீதம் ஒரு தடவைக்கு 28 மி.கி. சுமார், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நான்கிலிருந்து ஆறு தடவை. மொத்தம் கூடக் கூட இதயத் தசை கெடும், அதனால்தான் எக்கோ கேட்பார்கள். நரம்புக்கு வெளியே ஒரு துளி சிந்தினாலும் அந்த இடத்துச் சதை அழுகிப்போகும். பழகிய கை வேண்டும். ஏழிலிருந்து பத்தாம் நாள் வெள்ளையணுக்கள் தரைதட்டும், அந்த நாட்களில் ஜுரம் 39.5 டிகிரியைத் தாண்டினால் அன்றே மருத்துவமனை. பெரும்பாலான நாய்கள் மனிதர்களைப் போல வாடிவிடுவதில்லை என்பது மட்டும் ஆறுதல்.

ஒரு மாதம் காத்திருப்பது பற்றி: 1 செ.மீ. திட முடிச்சு என்றால் நானே காத்திருக்கச் சொல்வேன். குழிகள் உள்ள 6.5 செ.மீ. கட்டியில் அந்த ஒரு மாதத்தில் அது வளர்ந்ததா என்று தெரியும், என்ன வகை என்று தெரியாது. தீங்கற்ற ஹீமட்டோமாவும் வெடிக்கும், வெடித்தால் அதுவும் கொல்லும். அமைதியான நாளில் செய்யும் ஆபரேஷனும் நடுராத்திரி ரத்தம் வடிய வடியச் செய்யும் ஆபரேஷனும் ஒன்றல்ல.

காத்திருந்தாலும், ஆபரேஷன் தேதிக்கு இடைப்பட்ட நாட்களிலும் கவனிக்க: குதித்தல், படி தாவுதல், மற்ற நாயோடு முரட்டு விளையாட்டு நிறுத்தம். நன்றாக இருக்கும் நாளில் ஈறின் நிறத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள்; பிறகு ஒப்பிட அதுதான் அளவுகோல். ஈறை விரலால் அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். ஈறு வெளுத்து, வயிறு புடைத்து, நாடி வேகமாக ஓடி, நாய் தள்ளாடினால் கசிவு. சிறு கசிவை உடல் உறிஞ்சிக்கொள்வதால் மறுநாள் "சரியாகிவிட்டது" போலத் தெரியும். அது சரியானதல்ல, எச்சரிக்கை. ரத்தக் கசிவுக்கு யுனான் பையாவ் என்ற சீன மூலிகைப் பொடியைச் சிலர் சொல்வார்கள். ஆயுளைக் கூட்டும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை.

கடைசியாக ஒன்று. வயிற்றைத் திறந்ததும் எங்கும் பரவியிருந்தால் எழுப்ப வேண்டாம் என்று சொல்வீர்களா? அந்த விடையை டாக்டரிடம் முன்பே கொடுத்துவிட்டு, போனைக் கையில் வைத்திருங்கள்.

தையல்நூல்:

மெல்லநடவின் கடைசி வரியோடு எனக்குப் பாதி உடன்பாடுதான். "பரவியிருக்கிறது" என்று கண்ணால் முடிவு கட்டுவது அபாயம். கல்லீரலில் கருஞ்சிவப்பு முடிச்சுகளைப் பார்த்துப் புற்று என்று நினைத்து, லேபில் தீங்கற்றது என்று வந்தவை உண்டு. வயிற்றுத் திரையில் ஒட்டியிருக்கும் சிவப்புத் துணுக்குகள் என்றோ சிதறிய நல்ல மண்ணீரல் திசுவாகவும் இருக்கலாம். ஆகவே சொல்ல வேண்டியது இப்படி: "உறுப்புகள் எங்கும் ரத்தம் கசியும் கட்டிகள், நிறுத்தவே முடியாத நிலை என்றால் எழுப்ப வேண்டாம். சில முடிச்சுகள் மட்டும் என்றால் மண்ணீரலை எடுத்து, முடிச்சில் பயாப்ஸி எடுத்து, தைத்து அனுப்புங்கள்." இந்த வித்தியாசத்தை ஒப்புதல் படிவத்தில் கையாலேயே எழுதுங்கள்.

மெல்லநட:

ஒப்புக்கொள்கிறேன். நான் எழுதியதைவிட இது மேல்.

வாலாட்டி:

எக்ஸ்ரே மூன்று கோணம், எக்கோ, உறைதல் சோதனை எல்லாம் முடிந்தது. எதிலும் குறை இல்லை. சிறுநீர் அடர்த்தி 1.035. இரவு ஆள் இருக்கும் இடமும் ரத்தமும் ஏற்பாடாகிவிட்டது. ஆபரேஷன் என்று முடிவு. லேபுக்கு அனுப்புவதிலும் வீட்டுக்கு வந்த பின்னும் எங்கே தவறு நடக்கும்?

தையல்நூல்:

லேபுக்கு அனுப்புவதில்தான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. கட்டியின் நடுவிலிருந்து ஒரு சின்னத் துண்டை வெட்டிப் போட்டால், அது உறைந்த ரத்தமாகவே இருக்கும். ரிப்போர்ட் "ஹீமட்டோமா" என்று வரும். ஹீமாஞ்சியோசார்கோமா அந்த உறைகட்டியின் ஓரத்தில் ஒளிந்திருக்கும். முழு மண்ணீரலையும் அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள். முடியாவிட்டால், கட்டியும் நல்ல திசுவும் சந்திக்கும் எல்லையிலிருந்து நான்கைந்து துண்டுகளாவது போக வேண்டும். 10% ஃபார்மலின், திசுவைப் போலப் பத்து மடங்கு அளவு. பெரிய கட்டியை ரொட்டி போல இடைவெளி விட்டுக் கீறி வைக்காவிட்டால் ஃபார்மலின் உள்ளே போகாமல் நடுப்பகுதி அழுகிவிடும். கல்லீரல் துண்டு தனிப் புட்டியில், பெயர் எழுதி.

ரிப்போர்ட்டில் "ஹீமட்டோமா" என்று வந்து, அனுப்பியது ஒரே துண்டு என்றால், மீதியை இன்னும் வெட்டிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்காகவே மீதியைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

நெஞ்சு ஆழமான இனங்களுக்கு, வயிறு திறந்திருக்கும்போதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்துவிடுவார்கள், பின்னால் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க. மண்ணீரல் எடுத்தால் முறுக்கும் ஆபத்து கூடுமா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. லேப்ரடாருக்கு நான் வற்புறுத்தமாட்டேன். மயக்கத்தில் நாய் நிதானமாக இருந்தால் டாக்டர் இஷ்டம்.

ஈசிஜி:

வீட்டில்: தையல் 10 முதல் 14 நாள், அதுவரை கழுத்துக் கூம்பைக் கழற்றவே கூடாது. "நக்கவில்லையே" என்று ஒரு மணி நேரம் கழற்றிய வீடுகளில்தான் தையல் பிரிகிறது. சிறுநீர் கழிக்க மட்டும் கயிற்றில் பிடித்து வெளியே. மூன்று நான்கு நாள் மலம் வராவிட்டால் பதற வேண்டாம். பட்டினியும் ஓபியாய்டும் சேர்ந்தால் அப்படித்தான். முதல் வாரம் தினம் இரண்டு முறை ஈறு, மூச்சு எண்ணிக்கை. தூங்கும்போது நிமிடத்துக்கு 30க்கு மேல் என்றால் போன் செய்யுங்கள். கார்ப்ரோஃபெனை நீங்களாகத் திரும்ப ஆரம்பிக்காதீர்கள்.

பிறகு ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் கூடுதலாகவும், சிவப்பணுக்களில் ஹோவெல்-ஜாலி என்ற சிறு புள்ளிகளும் வரும். பழைய, பழுதான அணுக்களை வடிகட்டும் மண்ணீரல் இல்லாததால் அவை தெரிகின்றன, அவ்வளவே. "மண்ணீரல் எடுத்த நாய்" என்று ஒவ்வொரு லேப் சீட்டிலும் எழுதுங்கள், இல்லாவிட்டால் யாராவது அதற்கும் வைத்தியம் ஆரம்பிப்பார்கள்.

உண்ணித் தடுப்பு மருந்தை ஆயுளுக்கும் விடாதீர்கள். உண்ணி பரப்பும் பேபீசியா, ரத்த மைக்கோபிளாஸ்மா போன்ற ரத்தக் கிருமிகளை அடக்கி வைப்பதில் மண்ணீரலுக்குப் பெரிய பங்கு; அது போனால் உள்ளே உறங்கிக் கிடந்த தொற்றும் கிளம்பும். அடுத்த டோஸ் ஆபரேஷன் வாரத்தில் விழுகிறதா என்று இப்போதே தேதி பாருங்கள். விழுந்தால் முன்கூட்டியே போடலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.